சீட்டில்லாத களத்துக்கும் வாசல் உண்டு

நகரி, புத்தூர், சத்தியவேடு வட்டாரங்களில் கோடை பிறந்தால் பாரதம் பிறக்கும். திரௌபதி அம்மன் கோயில்களில், ஊர்வழக்கில் தருமராஜா கோயில்களில், பத்து நாள் முதல் பதினெட்டு நாள், சில இடங்களில் அதற்கும் மேலாக விழா நடக்கும். பகலில் பாரதப் பிரசங்கம். இரவில் விடியும்வரை கூத்து. அர்ச்சுனன் தபசு மரம் ஏறும் நாள் ஒன்று. மண்ணால் செய்த துரியோதனன் பேருருவின் தொடை பிளக்கப்படும் படுகள நாள் ஒன்று. நிறைவாகத் தீமிதி. இத்தனைக்கும் நுழைவுச்சீட்டு கிடையாது. பாயோ சாக்கோ கொண்டுவந்து விரித்தவருக்கு அந்த இடம் சொந்தம். அரசரைப் போல் முடியும் புஜக்கட்டையும் தரித்து ஆடும் கலைஞரை ஐந்தடி தூரத்தில் அமர்ந்து பார்க்கலாம். எவரும் கட்டணம் கேட்பதில்லை.

இதை வைத்துத்தான் நாட்டார் கலைவிழா எல்லோருக்கும் பொதுவானது என்ற கருத்து அடிக்கடி எழுதப்படுகிறது. நகரத்துச் சபாக்கள் சீட்டு விற்கின்றன, கிராமம் கதவைத் திறந்து வைத்திருக்கிறது என்ற எதிர்நிலை கேட்பதற்கு இனிமையானது. ஆனால் விழா எதுவாயினும் மூன்று கேள்விகளுக்கு விடை சொல்லியாக வேண்டும். யார் உள்ளே வரலாம்? செலவை யார் ஏற்பது? உழைப்பை யார் தருவது? சீட்டு என்ற காகிதம் இல்லாதபோது இந்தக் கேள்விகள் மறைவதில்லை. அவற்றுக்கான விடை வேறோர் ஏட்டில் எழுதப்பட்டிருக்கிறது.

முதலில் பெயரைக் கவனிக்கலாம். தமிழில் தெருக்கூத்து; தெலுங்கில் வீதி நாடகம். இரு மொழிகளும் ஆட்டத்தின் இடத்தையே அதன் பெயராக்கின. தெருவுக்குக் கதவில்லை என்ற எண்ணம் அந்தப் பெயர்களுக்குள் இருக்கிறது. மொழியைப் பொறுத்தவரை அந்த எண்ணம் நகரிப் பக்கத்தில் பொய்க்கவில்லை. கார்வேட்டிநகர் ஜமீனைச் சேர்ந்த இந்நிலப்பகுதி வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. 1911-இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது அதனுள் வந்தது. 1953-இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது அதனோடு சென்றது. எல்லைப் போராட்டத்தின் பயனாக 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. சில கல் தொலைவிலுள்ள நகரி ஆந்திரத்திலேயே நின்றது. வரைபடத்தில் இத்தனை கோடுகள் விழுந்தும் பாரதம் நின்றுவிடவில்லை. தமிழில் தபசு மரம் என்பதைத் தெலுங்கில் தபஸ்ஸு மானு என்பர். பெயர் மாறினாலும் மரம் ஒன்று. பிள்ளை வரம் வேண்டி அதன் அடியில் காத்திருக்கும் பெண்களின் வேண்டுதலும் ஒன்று. மொழியை நுழைவு விதியாக்காத விழா அது. அந்தப் பெருமை அதற்கு உரியது. எனினும் மொழி ஒரு வாசல் மட்டுமே.

செலவின் கணக்குக்கு வருவோம். பார்ப்பவர் பணம் தராத ஆட்டத்துக்கு வேறு யாரோ தருகிறார்கள் என்பதற்குத் தமிழகத்தில் ஆயிரம் ஆண்டுச் சான்று உண்டு. தஞ்சைப் பெரியகோயிலில் வைகாசித் திருவிழாவின்போது இராசராசேசுவர நாடகம் நடத்துவதற்காக, விசயராசேந்திர ஆசாரியன் என்னும் பட்டம் பெற்ற கலைஞருக்கும் அவர் வழியினருக்கும் ஆண்டுக்கு 120 கலம் நெல் நிவந்தமாக அளிக்கப்பட்டதை இரண்டாம் இராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு பதிந்துள்ளது. கூத்தருக்கு நிலம் காணியாக விடப்பட்ட செய்திகளும் கல்வெட்டுகளில் கிடைக்கின்றன. அங்கே விலை தந்தது அரசும் கோயிலும். ஆடுபவரின் உரிமையும் கடமையும் ஒருங்கே அந்த நெல்லில் அளக்கப்பட்டன.

ஊர்ப் பாரதத்தில் அந்த இடத்தை வரி நிரப்புகிறது. அரசாங்கத்தின் வரியல்ல இது. ஊர் தனக்குத்தானே விதித்துக்கொள்ளும் வரி. விழாவுக்கு முன் ஊர்ப் பெரியவர்கள் கூடித் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று முடிவு செய்வார்கள். கூத்துக் குழுவுக்கு வெற்றிலை பாக்கு வைத்து முன்பணம் கொடுத்து நாள் உறுதி செய்யப்படும். ஒவ்வொரு நாள் செலவையும் ஒரு குடும்பமோ ஒரு தெருவோ உபயமாக ஏற்பதும் உண்டு. கொடியேறிக் காப்புக் கட்டிய பின், காப்புக் கட்டியவர் விழா முடியும்வரை ஊரை விட்டு நீங்கக் கூடாது என்பது பொது வழக்கு. இவ்வளவும் முன்னரே முடிந்துவிடுவதால்தான் கூத்து நடக்கும் இரவில் யாரும் கை நீட்டுவதில்லை. இலவசமாகத் தோன்றும் ஆட்டத்துக்கு விலை பல வாரங்களுக்கு முன்பே வசூலாகிவிட்டது.

இந்த வரியின் சிறப்பு, அது விலையாக மட்டும் நின்றுவிடாததில் இருக்கிறது. வரி கொடுத்தவர் ஊர்க்காரர். அவருக்குக் கோயில் மரியாதை உண்டு. ஊர்க்கூட்டத்தில் பேச உரிமை உண்டு. சாமி அவர் வீட்டு வாசலில் நிற்கும். அதாவது வரிப் பட்டியல் என்பது ஊரின் குடிமக்கள் பதிவேடு. அந்தப் பதிவேட்டின் அலகாகிய தலைக்கட்டு என்ற சொல்லே யாரை மனிதக் கணக்கில் முழுதாக எடுப்பது என்பதைச் சொல்லிவிடுகிறது. மணமான ஆணைத் தலைவனாகக் கொண்ட குடும்பம் ஒரு தலைக்கட்டு. செட்டிநாட்டு நகரத்தாரிடம் இதையொத்த புள்ளிக் கணக்கு இருக்கிறது. தம்பதியர் ஒரு புள்ளி, துணையை இழந்தவர் அரைப் புள்ளி. வசூலில் காட்டப்படும் சலுகை என்று இதை விளக்கலாம். ஆனால் பாதி விலை பெறுபவர் பாதி ஆளாக எண்ணப்படுகிறார் என்பதும் அதே கணக்கில் அடங்கும்.

பாதியாவது எண்ணப்பட்டவர்கள் அவர்கள். எண்ணப்படாதவர்களும் இருந்தார்கள். வடதமிழகத்துப் பல ஊர்களில் திரௌபதி அம்மன் விழாவுக்கான வரி சேரியிலிருந்து வாங்கப்படுவதில்லை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது ஏழைகளுக்கான விலக்கு போலத் தோன்றும். உள்ளிருப்பவருக்குப் பொருள் தெரியும். வரி வாங்கினால் மரியாதை தர வேண்டும். சாமி அந்தத் தெருவுக்கும் போக வேண்டும். வாங்காவிட்டால் அந்தக் கேள்வியே எழாது. விலை கேட்கப்படாமையே இங்கே வாசல் அடைக்கப்பட்டதன் அடையாளம். அதனால்தான் தலித் மக்களின் கோரிக்கைகளில், உரிமையோடு எங்களிடமும் வரி வாங்குங்கள் என்பது திரும்பத் திரும்ப வருகிறது. கட்டணத்தைக் குறைக்கக் கோருவதே எங்கும் வழக்கம். கட்டணம் செலுத்தும் உரிமைக்காக ஒரு சமூகம் போராடுவது, அந்தக் கட்டணம் வேறொன்றின் பெயர் என்பதைக் காட்டுகிறது.

இது பழங்கதை அன்று. விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் தருமராஜா திரௌபதி அம்மன் கோயில் விழாவின்போது, 2023 ஏப்ரலில் உள்ளே சென்ற தலித் இளைஞர்கள் தாக்கப்பட்டனர். சமரசம் ஏற்படாத நிலையில் ஜூன் 7 அன்று வருவாய்த்துறை கோயிலுக்கு முத்திரையிட்டது. சென்னை மாகாணத்தின் ஆலயப் பிரவேசச் சட்டம் இயற்றப்பட்டது 1947-இல். அன்று சித்தூரும் விழுப்புரமும் ஒரே மாகாணத்தில் இருந்தன. சட்டம் வந்து 76 ஆண்டுகளுக்குப் பின்னும் ஒரு பாரதக் கோயிலின் கதவு இந்தக் காரணத்துக்காகப் பூட்டப்பட்டது. சட்டம் கோயில் வாசலைப் பற்றிப் பேசியது. ஊர் தன் நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைக்கும் வரிப் பட்டியலை அது எட்டவில்லை. சபையில் துகிலுரியப்பட்டு நியாயம் கேட்ட ஒருத்தியைத் தெய்வமாக்கி நடத்தும் விழாவில் இது நிகழ்ந்தது என்பதை ஆய்வாளர்கள் எடுத்துச்சொல்லத் தேவையில்லை. கூத்துப் பார்த்து வளர்ந்த எவருக்கும் அது உறைக்கும்.

மூன்றாவது கேள்வி உழைப்பைப் பற்றியது. இன்றைய கலைவிழாக்கள் தன்னார்வலர்களால் நடக்கின்றன. தன்னார்வம் புதுக்காலச் சொல்லாட்சி. தன் விருப்பத்தால் எழுவது என்பது அதன் பொருள். மறுக்க முடிந்தவரின் உழைப்பே தன்னார்வம் ஆகும். பழைய விழாவில் ஊதியமில்லா உழைப்பு ஏராளமாக இருந்தது. அதில் எவ்வளவு ஆர்வத்தால் வந்தது என்பது வேறு கேள்வி. தீவட்டி பிடிப்பதும் நடைபாவாடை விரிப்பதும் வண்ணார் கடமை. பறை அறைந்து விழாவைச் சொல்வது பறையர் கடமை. கூத்தாடுவதே பல இடங்களில் குறிப்பிட்ட குடும்பங்களின் முறையாக, உரிமையும் கட்டாயமும் பிரிக்க முடியாதபடி பிணைந்ததாக இருந்தது என்று கட்டைக்கூத்தை நெடுங்காலம் ஆராய்ந்த ஹன்னா டி புருயின் எழுதியுள்ளார். இத்தகைய உழைப்புக்குத் தமிழில் வேறொரு பழஞ்சொல் உண்டு: வெட்டி. சோழர் கல்வெட்டுகளில் மிகப் பரவலாகக் காணப்படும் வரிச்சொற்களுள் ஒன்றான அது, கூலியின்றிச் செய்தாக வேண்டிய உழைப்பைக் குறித்தது. இன்று வெட்டி வேலை என்றால் பயனற்ற வேலை. கூலி கொடாமல் வாங்கிய உழைப்பின் பெயர் காலப்போக்கில் மதிப்பற்றதன் பெயராகிவிட்டது. அந்த உழைப்பைச் சமூகம் எப்படி மதித்தது என்பதற்கு அகராதியே சாட்சி.

இந்தப் பின்னணியில் பார்த்தால் டிக்கெட்டின் வருகை இதுவரை எழுதப்பட்டதைவிடப் பெரிய நிகழ்வு. 1891-இல் பெல்லாரியிலிருந்து கிருஷ்ணமாச்சார்லுவின் சரச விநோதினி சபை சென்னைக்கு வந்து தெலுங்கு நாடகங்களை நடத்தியது. அவற்றைக் கண்ட பம்மல் சம்பந்த முதலியாரும் நண்பர்களும் அதே ஆண்டில் சுகுண விலாச சபையைத் தொடங்கினர். தமிழ்ப் பயில்முறை நாடகத்தின் தொடக்கத்தில் ஒரு தெலுங்கு மேடை இருப்பதை நகரிக்காரர் வியப்பின்றி ஏற்பர். படித்தவர்கள், வழக்கறிஞர்கள் ஊதியம் பெறாமல் நடித்த சபை அது. அவர்களின் தன்னார்வத்துக்கு வேறு வருமானம் முதுகெலும்பாக இருந்தது. அதே காலத்தில் ஊர் ஊராகச் சென்ற தொழில்முறைக் குழுக்களுக்கு வாயிற் கட்டணமே சோறு. கொட்டகை எழுந்தது, வேலி எழுந்தது, தரை, பெஞ்சு, நாற்காலி என்று இடத்துக்கு விலை குறிக்கப்பட்டது. அரசும் அந்த விலையில் தன் பங்கைக் கேட்டது. 1939-இல் சென்னை மாகாணக் கேளிக்கை வரிச் சட்டம் வந்தது.

வேலி போட்டவர்களைக் கலையை விற்றவர்கள் என்று பழிப்பது எளிது. ஆனால் வேலியின் வாயிலில் நின்றவர் காசை மட்டுமே கேட்டார். எந்தத் தெரு, யார் மகன், தலைக்கட்டு எத்தனை என்று கேட்டு ஏட்டைப் புரட்டவில்லை. சில அணா கையிலிருந்த எவரும் சீட்டைப் பெற்றுத் தரையில் அமரலாம் என்பது வரிப் பட்டியலின் கண்ணோட்டத்தில் பெரிய உடைப்பு. காசு தன் வரிசையைப் போட்டது. நாற்காலிக்காரருக்கும் தரைக்காரருக்கும் நடுவே கயிறு இருந்தது. பெண்களுக்குத் தனியிடம் இருந்தது. சாதி கொட்டகைக்கு வெளியிலேயே நின்றுவிட்டது என்றும் சொல்ல முடியாது. எனினும் பிறப்பால் வரும் வரிசையை மாற்ற வழியில்லை. காசால் வரும் வரிசையில் ஒருநாள் முன்னே போகலாம் என்ற நம்பிக்கைக்கேனும் இடமுண்டு.

சீட்டும் இல்லை, வரியும் இல்லை, கலைஞருக்கு ஊதியமும் இல்லை என்ற விழா ஒன்று இருந்தால் அதுவாவது முழுதும் திறந்திருக்குமா? அதற்கு நகரியின் மறுபிம்பம் போன்ற ஓர் ஊருக்குச் செல்ல வேண்டும். நகரியில் தமிழ்ப் பாரதம் ஆந்திர எல்லைக்குள் நடக்கிறது. திருவையாற்றில் தெலுங்குக் கீர்த்தனைகள் காவிரிக் கரையில் ஒலிக்கின்றன. 1847 சனவரியில் மறைந்த தியாகராசரின் ஆராதனையில் கேட்போருக்குக் கட்டணமில்லை, பாடுவோருக்குச் சன்மானமில்லை. பெரும் வித்துவான்களும் சில நிமிடங்கள் பாடிவிட்டு எழுகிறார்கள். இத்தனை தூய ஏற்பாட்டிலும் இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் ஒரு நுழைவு விதி இருந்தது: பெண்கள் அங்கே பாடலாகாது. பெரிய கட்சி, சின்ன கட்சி என்று பிரிந்து பலவற்றில் முரண்பட்ட ஆண்கள் இந்த ஒன்றில் உடன்பட்டிருந்தனர்.

பெங்களூர் நாகரத்தினம்மாள் (1878–1952) அந்த விதியை எதிர்கொண்ட விதம் இந்தக் கட்டுரையின் மூன்று கேள்விகளையும் ஒரே வாழ்வில் காட்டுகிறது. சமாதியின் சீர்கேட்டை அறிந்து 1921-இல் திருப்பணியைத் தொடங்கினார். கச்சேரி செய்து ஈட்டிய பொருளையும் நகைகளையும் அதில் செலவிட்டார். 1926-இல் குடமுழுக்கு நடந்தது. கோயிலைக் கட்டியவர் அவர், செலவு அவருடையது, உழைப்பு அவருடையது. ஆராதனையில் பாட இடமில்லை என்பதும் அவருக்கே. விலை கொடுத்தவர் ஊர்க்காரர் என்ற வரிப் பட்டியலின் நியாயங்கூடத் தேவதாசி மரபில் வந்த ஒரு பெண்ணுக்குப் பொருந்தவில்லை. 1927 முதல் பெண் கலைஞர்களைத் திரட்டி அவர் தனி ஆராதனை நடத்தினார். மூன்றாவதாகப் பெண்கள் கட்சி பிறந்தது. 1940-41 வாக்கில் கட்சிகள் ஒன்றானபோது பெண்களுக்கும் மேடை கிடைத்தது. அவர் தம் உடைமைகளை அறக்கட்டளைக்கு எழுதிவைத்தபோது பெண்களின் வழிபாட்டு உரிமையையும் பாடும் உரிமையையும் நிபந்தனையாக்கினார். ஆண்டுதோறும் பஞ்சரத்தின கீர்த்தனைகளை ஆணும் பெண்ணும் எதிரெதிரே அமர்ந்து பாடும் காட்சியை இன்று மரபு என்கிறோம். அந்த மரபுக்கு ஒரு நூற்றாண்டுகூட ஆகவில்லை.

கட்டணமின்மை, ஊதியமின்மை இரண்டும் சேர்ந்தாலும் வாசல் தானாகத் திறந்துவிடாது என்பதற்கு உலகின் மறுபக்கத்திலும் சான்றுண்டு. 1947-இல் எடின்பரோ நகரின் முதல் பன்னாட்டுக் கலைவிழாவுக்கு அழைக்கப்படாத எட்டு நாடகக் குழுக்கள் தாமாகவே வந்து வேறு அரங்குகளில் நடித்தன. யாரும் வந்து நடிக்கலாம், தேர்வுக் குழு இல்லை என்ற கொள்கையோடு அது ஃபிரிஞ்ச் விழாவாக வளர்ந்தது. விதியால் திறந்த அந்த வாசலில் பின்னர் இன்னொரு தடை முளைத்தது. தங்கும் செலவைத் தாங்கக்கூடியவரே நடிக்க முடியும்; கூலியின்றி உழைக்க வசதியுள்ளவரே தன்னார்வலராக முடியும் என்ற விமரிசனம் அங்கே தொடர்ந்து எழுகிறது. அழையாதவர் வந்து தொடங்கிய விழா, அழைத்தாலும் வர முடியாதவரைப் பற்றிப் பேச வேண்டியதாயிற்று.

சென்னையில் 2015-இல் தொடங்கிய ஊரூர் ஆல்காட் குப்பம் விழாவை இந்த வரலாற்றின் தொடர்ச்சியில் வைத்துப் படிப்பது நல்லது. மார்கழிச் சபாக்களில் பகல் கச்சேரிகள் பலவற்றுக்குக் கட்டணமில்லை, எவரும் போகலாம். ஆயினும் பெசன்ட் நகர்க் கடற்கரையின் மீனவக் குப்பத்திலிருந்து எவரும் போகவில்லை. வாயிலில் காவலர் தடுத்ததால் அல்ல. அந்த வாயில் தமக்கானது என்று யாரும் அவர்களுக்கு உணர்த்தாததால். டி.எம். கிருஷ்ணா, நித்தியானந்த் ஜெயராமன் முதலியோர் குப்பத்து மக்களோடு சேர்ந்து விழாவையே அங்கே கொண்டுசென்றார்கள். கர்னாடக இசை, பரதம், பறையாட்டம், கூத்து ஆகியவை ஒரே மணலில் நிகழ்ந்தன. சீட்டில்லை. அதைவிட முக்கியமானது, குப்பத்தார் அங்கே விருந்தினர் அல்லர், விழாவை ஏற்றவர்கள் என்பது. ஒரு விழாவால் சாதி கரைந்துவிடுமா என்ற ஐயம் அப்போதே எழுப்பப்பட்டது. அந்த ஐயம் நியாயமானது. ஆயினும் யாருடைய மண்ணில், யாருடைய ஒப்புதலோடு என்ற கேள்வியை நுழைவு விதிகளின் முதல் வரியாக வைத்தது அந்த விழாவின் கொடை.

கூத்துக்குள்ளேயும் வாசல்கள் மாறிவருகின்றன. பெண் வேடத்தையும் ஆண்களே கட்டிய கலை இது. கலைஞர் பெ. ராஜகோபால் முதலியோர் 1990-இல் கட்டைக்கூத்துச் சங்கத்தை அமைத்தனர். அவர்கள் காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில் நடத்திய குருகுலத்தில் சிறுமிகளும் பயின்று விடிய விடிய ஆடினர். கூத்துக் கலைஞருக்கு ஊதியம், மதிப்பு, சங்கம் ஆகியவை வேண்டும் என்ற கோரிக்கையும் அங்கிருந்து வலுப்பெற்றது. முறையாக, கட்டாயமாக இருந்த உழைப்பு தொழிலாக மாறும்போதுதான் அதை விரும்பிச் செய்யும் உரிமையும் பிறக்கிறது.

ஆகவே ஒரு விழா எத்துணைப் பொதுவானது என்பதை அறியச் சீட்டின் விலையை மட்டும் பார்ப்பது போதாது. வரிப் பட்டியலில் யார் பெயர் இல்லை, மேடையேற யாருக்கு முறையில்லை, கூலியில்லா வேலையை மறுக்க யாரால் முடியாது என்பவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நகரிப் பக்கத்துப் பாரதம் இரு மொழியினரையும் ஒரே தரையில் அமர்த்தக் கற்றிருக்கிறது. மாநிலங்கள் பிரிந்த பின்னும் அதைக் கைவிடாத விழாவுக்கு மற்ற வாசல்களைத் திறப்பதும் கைகூடாததன்று.

அதற்குப் புதிய சடங்கு எதுவும் வேண்டியதில்லை. நள்ளிரவில் ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கட்டியங்காரன் அன்பளிப்புத் தந்தவரின் பெயரையும் தெருவையும் ஒலிபெருக்கியில் உரக்கச் சொல்வது எல்லாக் களத்திலும் உள்ள வழக்கம். பத்து ரூபாய் தந்தவர் பெயரும் அந்த இரவில் ஊர் முழுதும் கேட்கும். அந்தப் பெயர்களோடு எல்லாத் தெருக்களின் பெயர்களும் வரும் ஆண்டில்தான் தெருக்கூத்து என்ற சொல் தன் முழுப் பொருளை அடையும்.